வாயைப் பார்க்காமல் செய்யும் பல்

காலை ஏழு மணிக்குள் எங்கள் பல் லேப்பிலிருந்து ஒருவர் மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் நிற்க வேண்டும். ராஜபாளையம், காரைக்குடி, சிவகங்கை வண்டிகளிலிருந்து கண்டக்டர்கள் எடுத்துத் தரும் சின்னச் சின்ன டப்பாக்களை வாங்கி வர வேண்டும். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் யாரோ ஒருவருடைய பல் வரிசையின் அளவு இருக்கும். கூடவே ஒரு சீட்டு. இருபத்தைந்து வருடமாக அந்தச் சீட்டுகளை வாசித்துத்தான் என் பிழைப்பு நடக்கிறது. நீங்கள் டாக்டரிடம் போட்டுக்கொள்ளும் கேப், விழுந்த பல்லின் இடத்தை நிரப்பும் பிரிட்ஜ் எல்லாம் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களின் மேசையில் உருவானவை. சட்டத்தில் எங்களுக்கு டென்டல் மெக்கானிக் என்று பெயர். 1948ஆம் வருடத்துச் சட்டத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

சீட்டில் வழக்கமாக நான்கு விவரம் இருக்கும். பல்லின் எண், பொருள், நிறம், தேதி. ‘36, சிர்கோனியா, ஏ2, வியாழன்.’ அவ்வளவுதான். அந்தப் பல் யாருடையது, எதை மெல்லுகிற வாய், எதிரில் இருப்பது சொந்தப் பல்லா கட்டிய பல்லா, கேப்புக்காகச் சீவிய பல் உள்ளே என்ன நிறத்தில் இருக்கிறது என்று எதுவும் இருக்காது. பொருளின் பெயரைச் சரியாக எழுதிவிட்டால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்று நானும் பல வருடம் நம்பியிருந்தேன். கெட்டுத் திரும்பி வந்த கேஸ்கள்தான் எனக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தன. பல்லுக்குக் கேப் போட்டுக்கொள்ளப் போகிறவர்களுக்கு அவை பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்தபோது எல்லாம் மெட்டல் செராமிக்தான். உள்ளே நிக்கல் குரோமியம் உலோகத்தில் மெல்லிய கூடு, அதற்கு மேலே பீங்கான். பீங்கான் என்றதும் டீக் கோப்பையை நினைக்க வேண்டாம். கோப்பையில் களிமண் நிறைய உண்டு. பல்லுக்கான மாவில் களிமண் கிட்டத்தட்ட இல்லை. பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், கொஞ்சம் குவார்ட்ஸ். களிமண் சேர்ந்தால் ஒளி உள்ளே போகாமல் செத்த வெள்ளையாகிவிடும். பல் உயிரோடு தெரிவதே அதற்குள் ஒளி கொஞ்சம் போய்த் திரும்புவதால்தான்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த அண்ணன் அதிகம் பேசமாட்டார். கண்ணாடித் தட்டில் மாவைக் கொட்டி, திரவம் விட்டுக் குழைத்து, மெல்லிய பிரஷ் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலோகக் கூட்டின் மேல் வைப்பார். ஒவ்வொரு முறை வைத்த பிறகும் கிடுக்கியின் சொரசொரப்பான பகுதியில் ஒரு கம்பியை இழுப்பார். க்ர்ர் என்று ஒரு அதிர்வு. அந்த அதிர்வில் மாவுக்குள் இருக்கும் தண்ணீர் மேலே பளபளவென்று வரும். உடனே டிஷ்யூ தாளை ஓரத்தில் ஒற்றி எடுப்பார். மறுபடியும் அதிர்வு, மறுபடியும் ஒற்றல். மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்தால்தான் சுடும்போது குறைவாகச் சுருங்கும், உள்ளே குமிழி நிற்காது. சுட்டால் சுருங்கும் என்பதால் பல்லை அதன் உண்மையான அளவைவிடப் பெரிதாகக் கட்ட வேண்டும்.

நான் தனியாகக் கட்டிய முதல் பல்லை அவசரத்தில் நேராக ஃபர்னஸுக்குள் தள்ளிவிட்டேன். வாசலில் வைத்து நிதானமாகக் காய வைத்திருக்க வேண்டும். உள்ளே மிச்சம் இருந்த தண்ணீர் ஆவியாகி, மேல் பகுதி அப்படியே தெறித்துவிட்டது. அண்ணன் திட்டவில்லை. “தண்ணிய உறிஞ்சாம அடுப்புல வச்சா பொரி மாதிரி பொரிஞ்சிரும்டா. அது உன் அவசரத்துக்கு வராது,” என்றார். அப்புறம் அதே பல்லை என்னை நான்கு முறை கட்ட வைத்தார்.

உலோகத்தின் மேல் பீங்கான் ஒட்டி நிற்பதே பெரிய விஷயம். சூடு ஆறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் பீங்கான் விரிசல் விடும். லூசைட் என்ற படிகம் கலந்த மாவு வந்த பிறகுதான் பீங்கானின் விரிவை உலோகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர முடிந்தது. 1962இல் அமெரிக்காவில் வைன்ஸ்டைன், காட்ஸ் ஆகியோர் பெற்ற காப்புரிமைகள் அதற்கு வழிவிட்டன. அதற்கு முன்பு சார்லஸ் லேண்ட் என்ற டெட்ராய்ட் பல் மருத்துவர் உலோகமே இல்லாத பீங்கான் உறையைச் செய்து வந்தார். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எளிதில் உடையும். இன்னும் பின்னால் போனால், 1774 வாக்கில் பாரிஸில் துஷாத்தோ என்ற மருந்துக்கடைக்காரர். தந்தத்தில் செய்த அவருடைய பல் செட்டில் அவர் ருசி பார்க்கும் மருந்துகளின் வாடை ஏறிக்கொண்டது. வாடை பிடிக்காத பீங்கானில் செட் செய்ய முனைந்தார். எங்கள் தொழிலில் பீங்கான் நுழைந்த கதை அங்கே தொடங்குகிறது.

மெட்டல் செராமிக்கை இன்று பலர் மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் கற்றுக்கொண்ட காலத்தில் செய்த கடைவாய்ப் பிரிட்ஜ்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அதன் குறைகள் உண்மையானவை: ஈறு கொஞ்சம் இறங்கினால் ஓரத்தில் கருப்புக் கோடு தெரியும், உலோகத்தின் மேல் இரண்டு கோட் ஒப்பேக் பூசுவதால் ஒளி உள்ளே போகாது, சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தகவலும் எந்தச் சீட்டிலும் வந்து நான் பார்த்ததில்லை.

நிறத்தில்தான் எனக்குப் பெரிய அடி விழுந்தது. சிவகங்கைப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை. மேல் முன்பல் ஒன்று அடிபட்டு உடைந்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. சீட்டில் பி1 என்று வந்தது. எங்களிடம் இருக்கும் வழக்கமான ஷேட் கைடில் பதினாறு நிறம். ஏ வரிசை சிவப்பு கலந்த பழுப்பு, பி சிவப்பு கலந்த மஞ்சள், சி சாம்பல், டி சிவப்பு கலந்த சாம்பல். பி1 அதில் மிக வெளிரிய நிறங்களில் ஒன்று. நான் பி1இல் செய்து அனுப்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது அவருக்குத் திருப்தியாகத்தான் இருந்திருக்கிறது. நிச்சயதார்த்தப் படங்கள் வந்தபோது ஒவ்வொரு படத்திலும் அந்த ஒரு பல் மட்டும் தனியாக வெள்ளையடித்துக்கொண்டு நின்றது.

அவரே தன் அப்பாவோடு லேப்புக்கு வந்துவிட்டார். செல்போனில் படத்தைக் காட்டும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினார். இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்துப் பல்லைப் பார்த்தேன். பி1 எங்கேயும் இல்லை. உடம்புப் பகுதி ஏ2, ஈறோரம் ஏ3க்கு இறங்குகிறது, நுனியில் நீலம் பாய்ந்த கண்ணாடித் தன்மை, நடுவில் மெல்லிய வெள்ளைக் கீறல் ஒன்று. நடந்தது இதுதான்: பல்லைச் சீவி, அளவெடுத்து, அரை மணி நேரத்துக்கு மேல் வாய் திறந்தபடி இருந்த பிறகு நிறம் பார்த்திருக்கிறார்கள். பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியும். எச்சில் பட்டு மறுபடியும் தன் நிறத்துக்கு வர நேரம் எடுக்கும். அந்த வெளுத்த பல்லுக்குப் பொருத்தமாக நான் செய்து கொடுத்திருக்கிறேன்.

திரும்பச் செய்தேன். அவருக்குப் பொருந்தியது. திருமணப் படம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து முன்பல் கேஸ் என்றால் நான் விடாமல் கேட்பது ஒன்று: ஊசி போடுவதற்கு முன்னால், பல்லைத் தொடுவதற்கு முன்னால், உட்கார்ந்ததும் முதல் வேலையாக நிறம் பார்க்க வேண்டும். லிப்ஸ்டிக் இருந்தால் துடைத்துவிட வேண்டும். பளிச்சென்ற சேலையோ சட்டையோ என்றால் மேலே சாம்பல் துணி ஒன்றைப் போட வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் ஏமாற்றும், ஐந்து விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பார்த்ததை டியூப்லைட்டிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு வெளிச்சத்தில் பொருந்துகிற இரண்டு நிறம் இன்னொன்றில் பிரிந்து தெரியும். ஷேட் துண்டைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து லேப்புக்கு அனுப்பினால் எனக்கு அந்த நான்கு விவரத்தைவிட நூறு மடங்கு உதவும். நீங்கள் நோயாளியாக உட்கார்ந்திருந்தாலும் இதைக் கேட்கலாம். “முதல்ல கலர் பாத்துருங்க டாக்டர்” என்று சொன்னால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

உலோகம் இல்லாத பொருள்கள் வந்தபோது நான் மிகவும் ஆசைப்பட்டது லித்தியம் டைசிலிகேட் மேல். கண்ணாடிக்குள் ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்திருக்கும். அந்த ஊசிகள் பின்னிக் கிடப்பதால் விரிசல் நேராக ஓட முடியாது. பழைய பீங்கான் 60 முதல் 100 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் உடையும் என்றால் இது 360க்கு மேல் தாங்கும். மில்லிங் மெஷினில் கடைவதற்கு வரும் பிளாக் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். முதல் முறை பார்க்கிற யாரும் அது பல்லாகப் போகிறது என்று நம்பமாட்டார்கள். அந்த நிலையில் படிகம் முழுதாக வளர்ந்திருக்காது, அதனால் கடைவது எளிது. கடைந்த பிறகு 840 டிகிரி செல்சியஸ் பக்கம் ஃபர்னஸில் வைத்தால் நீலம் போய்ப் பல் நிறம் வரும். இன்றைக்கும் ஃபர்னஸ் தட்டு இறங்கும்போது வேலையை விட்டுவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன்.

ஒளி உள்ளே போவதுதான் அதன் அழகு. அதுவே சிக்கலும்கூட. ரூட் கேனால் செய்து உள்ளே உலோகப் போஸ்ட் என்ற தாங்கு தண்டு வைத்த ஒரு முன்பல்லுக்கு, சீட்டில் எழுதியிருந்தபடி, அதிகம் ஒளி விடும் வகையில் கேப் செய்து கொடுத்தேன். அளவிலிருந்து வார்த்த மாடலின் மேல் வைத்துப் பார்த்தபோது அவ்வளவு நன்றாக இருந்தது. மாடல் வெளிர் நிற ஸ்டோன். வாயில் இருந்ததோ கருத்த பல். போட்டதும் கேப் முழுக்க மழைமேகம் மாதிரி சாம்பல் ஏறிவிட்டது. டாக்டர் போனில், “நல்ல ஷேட்தானே எழுதினேன், ஏன் இப்படி டல்லா இருக்கு?” என்றார். நான் செய்த ஷேட் சரிதான். அதன் அடியில் இருந்த நிறத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சீவிய பல்லின் நிறத்தை ஸ்டம்ப் ஷேட் என்போம். அது கருப்பாக இருந்தால் உள்ளே ஒளி விடாத வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது சிர்கோனியாக் கூடு வைத்து மேலே பீங்கான் கட்ட வேண்டும். ரூட் கேனால் செய்த முன்பல்லுக்குக் கேப் போடுகிறவர்கள், பல் கருத்திருக்கிறது என்பதை லேப்புக்கு எழுதினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதனால் திரும்பி வரும் கேஸ்கள் எங்கள் மேசையில் இன்னும் குறையவில்லை.

அப்புறம் சிர்கோனியா. இப்போது நோயாளிகளே பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். சிர்கோனியம் டைஆக்சைடு, கண்ணாடியே இல்லாத முழுப் படிகப் பொருள். அதில் ஒரு அதிசயம் உண்டு. விரிசல் ஒன்று ஓட ஆரம்பித்தால் அதன் நுனியில் இருக்கும் துகள்கள் தங்கள் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு நான்கு சதவீதம் போலப் பருக்கும். பருத்த துகள்கள் விரிசலின் வாயை நெருக்கி மூடும். அடிபட்ட இடத்தில் தானே வீங்கித் தடுக்கிற உடம்பு மாதிரி. 1975இல் ஆஸ்திரேலியாவில் கார்வியும் அவருடைய சகாக்களும் இதை விளக்கி எழுதினார்கள். பல்லுக்கு வந்தது வெகு காலம் கழித்து.

எங்களுக்கு வரும் டிஸ்க், கரும்பலகை சாக்பீஸ் மாதிரி மென்மையாக இருக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும். அதில் பல்லை நான்கில் ஒரு பங்கு போலப் பெரிதாகக் கடைந்து, 1,500 டிகிரி பக்கம் இரவு முழுக்கச் சுட்டால் சரியான அளவுக்குச் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது ஒவ்வொரு டிஸ்க்கிலும் எண்ணாக அச்சிட்டிருக்கும். ஒருநாள் 1.25 என்று கொடுக்க வேண்டிய டிஸ்க்குக்கு, முந்தைய டிஸ்க்கின் 1.23 எண்ணையே மாற்றாமல் விட்டுவிட்டேன். பத்து மில்லிமீட்டர் அகலமுள்ள பல்லில் அது 0.16 மில்லிமீட்டர் குறை. சீட்டில் எழுதிப் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி தெரியும். மறுநாள் காலையில் பதினொரு கேப்பும், சீவிய பல்லின் அச்சான டையின் மேல் இறங்கவே இல்லை. ஒரே ஒரு எண்ணால் பதினொரு பேர் இன்னொரு வாரம் தற்காலிகக் கேப்போடு இருந்தார்கள். அதன் பிறகு டிஸ்க் மாற்றினால் ஒருவர் எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் லேப்பில் அது மாறாத பழக்கம்.

சிர்கோனியா என்ற ஒரே பெயருக்குள் பல பொருள் இருப்பது வெளியே பலருக்குத் தெரியாது. இட்ரியா என்ற ஆக்சைடு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். மூன்று மோல் சதவீதம் கலந்தது 900 முதல் 1,200 மெகாபாஸ்கல் வரை தாங்கும், ஆனால் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். ஐந்து கலந்தது ஒளி விடும், முன்பல்லுக்கு அழகு. ஆனால் வலிமை கிட்டத்தட்ட பாதியாகிவிடும், நான் மேலே சொன்ன அந்த வீங்கித் தடுக்கும் குணமும் பெரும்பாலும் போய்விடும். கடைவாயில் நான்கு பல் பிரிட்ஜுக்கு ஐந்து சதவீத வகை டிஸ்க்கைப் பயன்படுத்தச் சொல்லி எனக்குச் சீட்டு வந்திருக்கிறது. எல்லாம் சிர்கோனியாதானே என்ற நினைப்பு. நான் போன் செய்து மறுத்துவிடுவேன். நோயாளிகளுக்கு என் யோசனை: சிர்கோனியாவா என்று மட்டும் கேட்காதீர்கள். முழுக்க ஒரே பொருளா, மேலே பீங்கான் கட்டியதா என்று கேளுங்கள். கடைவாய்க்கு வலிமை வகையா, ஒளி வகையா என்று கேளுங்கள். கேப்போடு வரும் அட்டையில் பொருளின் பெயரும் எண்ணும் இருக்கும், அதைப் பீரோவில் பத்திரமாக வையுங்கள். உடைந்தால் புதிதாகத் தருவோம் என்று அட்டையில் போட்டிருக்கலாம். பழைய கேப்பை அறுத்து எடுக்கிற பாடு அதில் சேராது.

மேலே பீங்கான் கட்டிய சிர்கோனியாவில் ஆரம்ப வருடங்களில் சில்லு தெறிப்பது அதிகம் இருந்தது. உள்கூட்டுக்கு ஒன்றும் ஆகாது, மேலே ஒட்டிய பீங்கான் மட்டும் பெயரும். சிர்கோனியா சூட்டை மெதுவாகக் கடத்தும் பொருள். மெட்டலுக்குச் செய்த மாதிரி ஃபர்னஸைச் சட்டென்று திறந்து ஆற வைத்ததால் வெளியே ஆறி, உள்ளே சூடு நின்று, பீங்கானுக்குள் இழுவிசை தங்கிவிட்டது. நிதானமாக ஆறவிட ஆரம்பித்ததும் தெறிப்பு வெகுவாகக் குறைந்தது. அண்ணன் சொன்னது மறுபடியும் காதில் விழுந்தது.

ராஜபாளையம் பக்கம் ஒரு கிளினிக்கிலிருந்து ஒரே சிர்கோனியா கேப் மூன்று முறை கழன்று வந்தது. அளவு சரி, ஓரம் சரி. நேரில் போய்ப் பார்த்தேன். வாயில் போட்டுப் பார்த்த பிறகு உள்பக்கத்தைச் சுத்தம் செய்ய, பல்லில் பூசும் பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லையே பயன்படுத்தி வந்தார்கள். கண்ணாடி கலந்த செராமிக் என்றால் அதில் பெரிய கெடுதல் இல்லை. சிர்கோனியாவிலோ அந்தப் பாஸ்பேட் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, பசை பிடிக்க வேண்டிய இடத்தை அடைத்துவிடும். லித்தியம் டைசிலிகேட்டை ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்டால் 20 விநாடி அரித்து, சிலேன் பூசி ஒட்ட வேண்டும். சிர்கோனியாவை அந்த ஆசிட் தொடவே தொடாது. மெல்லிய அலுமினாத் தூளைக் குறைந்த அழுத்தத்தில் அடித்து, எம்டிபி என்ற ஒட்டுப்பொருள் கலந்த பிரைமர் பூசி ஒட்ட வேண்டும். ஒரு பொருளுக்கு மருந்தாக இருப்பது அடுத்ததற்கு ஆகாது. இப்போது ஒவ்வொரு கேப்போடும் எப்படி ஒட்ட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு அனுப்புகிறேன். சில டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

என் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கேப் போட வேண்டி வந்தது. குட்டையான பல், மேல்பல்லுக்கும் அதற்கும் நடுவே சீவிய பிறகும் 0.8 மில்லிமீட்டர்தான் இடம். அம்மா வெற்றிலை பாக்கு விடாதவர். பீங்கான் கட்டிய கேப்புக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வேண்டும். லித்தியம் டைசிலிகேட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை. இன்னும் சீவினால் பல்லே மிஞ்சாது. “எனக்கு வெள்ளையா மின்னணும்னு இல்லடா, பாக்கு கடிபடணும், அவ்வளவுதான்,” என்றார். மூன்று சதவீத வகையில், மேலே எதுவும் கட்டாமல், முழுச் சிர்கோனியாவில் செய்தேன். அதைவிடப் பொருத்தமாக எதுவும் இருந்திருக்க முடியாது.

செய்ததைவிட மெருகேற்றியதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். கரடான ரப்பர், அடுத்தது நடுத்தரம், அடுத்தது மெல்லியது, கடைசியில் வைரப் பசை. முக்கால் மணி நேரம். சிர்கோனியா எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும் என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. நன்றாக மெருகேற்றிய சிர்கோனியா எனாமலை அதிகம் தேய்ப்பதில்லை. கடி சரிசெய்கிறேன் என்று வாயில் வைத்து வைர பர் என்ற தேய்க்கும் முனையால் தேய்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவதுதான் தேய்க்கும். அந்தச் சொரசொரப்பு உப்புத்தாள் மாதிரி எதிர்ப் பல்லைத் தின்னும். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் சூட்டில் நுண்விரிசலும் விழும். அம்மாவுக்கும் கடி கொஞ்சம் தேய்க்க வேண்டித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், “நாக்க வச்சுப் பாரும்மா, சொரசொரன்னு இருக்கா?” “லேசா இருக்கு,” என்றார். மறுநாள் திரும்ப அழைத்துப் போனேன். டாக்டரும் மறுப்பு சொல்லாமல் பத்து நிமிடம் மெருகேற்றிக் கொடுத்தார். இந்த நாக்குச் சோதனையை யாரும் செய்துகொள்ளலாம். கேப் போட்டு எழுந்திருக்கும் முன் நாக்கால் தடவிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும். வழுக்கவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இரவில் பல் கடிக்கிற பழக்கம் இருப்பவர்கள் எந்தப் பொருள் போட்டாலும், தூங்கும்போது பல்லின் மேல் மாட்டும் நைட் கார்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு ஃப்ளோரைடு ஜெல் தருவார்கள். அமிலம் கலந்த வகை பீங்கானின் மேல் மெருகை அரித்துவிடும். உங்கள் வாயில் கேப் இருப்பதைச் சொல்லி நடுநிலை வகையைக் கேட்க வேண்டும். இது தெரியாமல் ஒருவருடைய மேல்வரிசை முழுக்க மங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பீங்கானையும் உலோகத்தையும் தேய்க்கும் தூசி நுரையீரலில் போய்த் தங்கும். சிலிக்காத் தூசியால் வரும் நோய்க்குத் திரும்பும் வழி கிடையாது. உறிஞ்சி இல்லாத மேசையில் உட்காராதீர்கள், துணி மாஸ்க்கை நம்பாதீர்கள். அண்ணனுடைய இருமலைக் கேட்டுக்கொண்டே தொழில் கற்றவன் நான்.

நான்கு விவரச் சீட்டை இப்போது நிறுத்திவிட்டேன். நானே ஒன்று அச்சடித்து எல்லா டாக்டர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். ஸ்டம்ப் ஷேட் என்ன, நிறம் பார்த்தது சீவுவதற்கு முன்பா பின்பா, எதிர்ப் பல் என்ன, எவ்வளவு இடம் இருக்கிறது, பல் கடிப்பாரா, வெற்றிலை போடுவாரா, உலோக ஒவ்வாமை உண்டா என்று. பாதிப் பேர் வெறுமையாகவே அனுப்புகிறார்கள். போன் போட்டுக் கேட்டு நிரப்பிக்கொள்கிறேன்.

போன மாதம் தேனி வண்டியில் ஒரு டப்பா வந்தது. அந்தப் பழைய சாம்பல் கேப்பைப் பற்றி என்னிடம் போனில் வருத்தப்பட்ட அதே டாக்டர். சீட்டில் எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தார். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார்: ‘வயது 58. நாதஸ்வரம் வாசிப்பவர். மேல் முன்பல் இரண்டு. சீவாளி உதட்டில் பிடிக்கும் இடம் மாறினால் வாசிக்க முடியாது என்கிறார். பழைய பல்லின் அளவு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நேரில் அனுப்பவா?’

அனுப்பச் சொன்னேன். சீவாளியையும் கொண்டுவரச் சொன்னேன்.